எதிர்பார்க்கும் செலவு

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் வாக்குமூலத் தாளில் என் பணிக்காலம் இருபத்திரண்டு ஆண்டு என்று இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டு, ஏழு மாதம். ஏழு மாதத்தை விட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றாது. விடுபட்டது எதுவானாலும் எங்கேயாவது போய் உட்கார்ந்திருக்கும்.

நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் தலை குனிந்துகொண்டு சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். நேற்று உங்கள் உதவியாளர் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் காகிதக் கைக்குட்டைப் பொட்டலமும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நல்ல பிள்ளை. பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை.

எங்களுடையது அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. கீழே மூன்று பெரிய இயந்திரங்கள். சுருள் சுருளாக வரும் காகிதத்தை நீராவியில் சூடாக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டு, அலை அலையாக மடித்து, பசை தடவி ஒட்டி, பெட்டியாக வெட்டுவார்கள். கணக்கு அறை மாடியில். அங்கே ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. நின்று பார்த்தால் மொத்தத் தளமும் தெரியும். எண்பத்தாறு பேர். ஒவ்வொருவரின் அடிப்படைச் சம்பளம், மிகைநேரம், பிடித்தம், கையில் போவது, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆளைப் பார்த்தால் எண் தெரியும். எண்ணைப் பார்த்தால் ஆள் தெரிவார்.

எனக்குப் 'பத்துக் காசு' என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் முதுகுக்கும் காது உண்டு. ஒருமுறை ஆண்டுக் கணக்கில் பத்துக் காசு இடித்தது. இரண்டு நாள் தேடினேன். முதலாளி தன் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து என் மேசையில் வைத்து, "இந்தாய்யா, இத்தோட விடு" என்றார். நான் நாணயத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பத்துக் காசு இடிக்கிறது என்றால் பத்துக் காசுதான் தப்பு என்று அர்த்தமில்லை. இங்கே ஆயிரம் கூடி, அங்கே கிட்டத்தட்ட ஆயிரம் குறைந்திருக்கலாம். அப்படித்தான் இருந்தது. கண்டுபிடித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பெரிய வாடிக்கையாளர், ஒரு பிஸ்கட் நிறுவனம், பெட்டி வாங்குவதை நிறுத்தியது. எங்கள் விற்பனையில் பாதி அவர்கள்தான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இரண்டாவது ஷிப்டை மூடிடலாம். முப்பது பேரை அனுப்பணும். பட்டியல் போடு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது என்னைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரம் குடுங்க சார். பட்ஜெட்டைத் திரும்பப் போட்டுப் பாக்குறேன்" என்றேன்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி உங்கள் தாளில் ஒரு வரிகூட இல்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தேநீர்ச் செலவைப் பாதியாக்கினேன். லாரி வாடகையைப் பேசிக் குறைத்தேன். என் போக்குவரத்துப் படியை நானே வெட்டினேன். வங்கித் தவணை, மின்கட்டணம், காகித வியாபாரியின் பாக்கி, எண்பத்தாறு பேர் சம்பளம், எல்லாவற்றையும் எழுதி வரவிலிருந்து கழித்தேன். கடைசியில் ஒரு பற்றாக்குறை நின்றது. பெரிய தொகை இல்லை. ஆனால் வேறு எங்கே கை வைத்தாலும் எலும்பு தட்டுப்பட்டது.

மருத்துவக் காப்பீடு எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பங்கு பிடிப்போம், கம்பெனி ஒரு பங்கு போடும். இரண்டையும் சேர்த்து மாதம் ஐந்தாம் தேதிக்குள் காப்பீட்டு அலுவலகத்துக்குக் கட்ட வேண்டும். ஒருவருக்கு ஆறு மாதம் கட்டாமல் விட்டால் அவருடைய அட்டை செல்லாது. ஒரு ஆளுக்கான இரண்டு பங்கையும் கூட்டினேன். பற்றாக்குறையை அந்த எண்ணால் வகுத்தேன். பதின்மூன்று புள்ளி ஆறு வந்தது.

பதினான்கு.

அன்று மதியம் சாப்பாட்டு மணிக்குப் பிறகு விடுப்புப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். யார் மருத்துவ விடுப்பே எடுப்பதில்லையோ அவர்களுக்குக் காப்பீடு எதற்கு? இதில் குரூரம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள். கர்ப்பிணிகளை விட்டேன். சர்க்கரைக்காரர்களை விட்டேன். பசைத் தொட்டியில் நிற்கும் இருமல்காரரை விட்டேன். திடமாக இருந்தவர்களை மட்டும் எடுத்தேன். முதல் பெயர் உருளைக்காரர். ஆறு அடி உயரம். காகிதச் சுருளைத் தோளால் முட்டியே நகர்த்துவார். ஆறு ஆண்டில் ஒரு நாள்கூட உடம்பு சரியில்லை என்று சொன்னதில்லை.

அன்றிலிருந்து இரண்டு பட்டியல். சம்பளத்துக்கு எண்பத்தாறு பேர். காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுபத்திரண்டு பேர். பதினான்கு பேரின் சம்பளச் சீட்டில் பிடித்தம் அப்படியே இருக்கும். பிடித்த பணம் 'இதர வரவு' என்ற தலைப்புக்குப் போகும். ஒரு காசுகூட என் வீட்டுக்குப் போகவில்லை. என் வங்கிக் கணக்கை நீங்கள் அலசிப் பார்த்துவிட்டீர்கள். ஏமாந்துதான் போயிருப்பீர்கள்.

முதலாளிக்குத் தெரியுமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தெரியாது. புதிய பட்ஜெட்டைப் பார்த்தார், கூட்டலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எப்படிய்யா?" என்றார். "இழுத்துப் பிடிச்சா வரும் சார்" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. முப்பது பேரின் வேலை தப்பியது. அந்த முப்பது பேரையும் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது யாரால் என்று கேளுங்கள். கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஐந்தாவது மாதம் பிஸ்கட் நிறுவனம் திரும்பி வந்தது. அப்போதே ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்கிறீர்கள். செய்யத்தான் நினைத்தேன். நிலுவையையும் அபராதத்தையும் தனித் தாளில் கணக்கிட்டு மடித்து வைத்திருந்தேன். அதற்குள் ஆண்டுக் கூட்டம் வந்தது. கீழ்த்தளத்தில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் நிற்க வைத்தார்கள். லாப நட்டக் கணக்கை முதலாளி வாசித்தார். லாபம். சின்ன லாபம்தான், ஆனாலும் லாபம். என் தோளில் கை போட்டு, "இந்தக் கம்பெனி இன்னிக்கு நிக்குதுன்னா இவராலதான்" என்றார். எண்பத்தைந்து பேரும் கை தட்டினார்கள். என்னைப் பத்துக் காசு என்று சொல்லிச் சிரித்தவர்கள் எல்லாம் தட்டினார்கள். உருளைக்காரர் தலைக்குமேல் கையைத் தூக்கித் தட்டினார். அவருடைய கை தட்டல் எப்போதுமே சத்தம் அதிகம்.

அடுத்த நாள் மடித்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். அபராதத்தையும் சேர்த்துக் கட்டினால் அந்த லாபம் நட்டமாகிவிடும். வாசித்த கணக்கை வாசிக்காததாக ஆக்க முடியுமா? தாளைத் திரும்ப மடித்து வைத்தேன்.

அப்புறம் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு எந்தத் தொந்தரவும் இல்லை. பதினான்கு பேரில் ஒருவருக்கும் ஜலதோஷத்துக்கு மேல் வரவில்லை. நான் தேர்ந்தெடுத்தது சரி என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

இந்த ஆண்டு ஜனவரியில் உருளைக்காரர் மாடிப்படி ஏறி வந்தார். பதினெட்டுப் படிதான். நடுவில் இரண்டு தடவை நிற்கும் சத்தம் கேட்டது. உள்ளே வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு வாங்குது சார். பெரிய ஆஸ்பத்திரில இதயத்துல வால்வு கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்க. மூணு மாசத்துக்குள்ள மாத்திடணுமாம். நம்ம அட்டைதான் இருக்கேன்னு சொல்லிட்டு வந்தேன்." சட்டைப்பையிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டுப் புதிதாக வைத்திருந்தார். ஒருமுறைகூட உபயோகித்ததில்லை அல்லவா.

"உக்காருங்க. படிவத்தக் குடுங்க, பாத்துக்கலாம்" என்றேன்.

அந்தப் படிவத்தில் கம்பெனியின் முத்திரையும், கட்டிய தொகைக்கான சான்றும் வேண்டும். அவருக்கு மட்டும் நிலுவையைக் கட்டினால் போதாதா என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். விசாரித்தேன். ஒருவருக்குப் பழைய நிலுவை கட்டப் போனால் முழுச் சம்பளப் பட்டியலையும் கேட்பார்கள். எண்பத்தாறையும் எழுபத்திரண்டையும் பக்கத்தில் வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். தொழிற்சாலைக்குச் சீல் வைப்பார்கள். ஒரு ஆளா, எண்பத்தாறு ஆளா? நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பதில் வேண்டாம். யோசியுங்கள், போதும்.

படிவத்தை இழுப்பறையில் வைத்தேன்.

அவருடைய மனைவி எங்கள் பொட்டலப் பிரிவில் வேலை செய்பவர். பெட்டிகளை இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணிக் கட்டுவார். பேசிக்கொண்டே எண்ணுவார், எண்ணிக்கை தப்பாது. அவர் பத்து நாளுக்கு ஒருமுறை மாடிக்கு வருவார்.

"அண்ணே, ஏதாச்சும் தகவல் வந்துச்சா?"

"அனுப்பியாச்சும்மா. அங்க கட்டுக் கட்டாக் கிடக்குது. வரிசைப்படிதான் எடுப்பாங்க."

"அவருக்குப் படுத்தா மூச்சு முட்டுது அண்ணே. உக்காந்துக்கிட்டேதான் தூங்குறாரு. நான் வேணும்னா நேர்ல போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"நேர்ல போனா கோவிச்சுக்கிட்டு ஓரமா வச்சிடுவாங்க. நீ எதுக்கு அலையுற? நான் பாத்துக்குறேன்."

'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னதைப் பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதலாளிக்கு விஷயம் எட்டியது. "ஆபரேஷனுக்குக் கம்பெனிலேர்ந்து முன்பணம் குடுத்துடுய்யா. சம்பளத்துல மெதுவாப் பிடிச்சுக்கலாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். "காப்பீடு இருக்கு சார். அதுல முழுசா வந்துடும். எதுக்கு அவங்க தலையில கடனை ஏத்தணும்?" முதலாளிக்கு அது நியாயமாகப் பட்டது. கீழே இயந்திரக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் போட்டு வசூல் செய்யலாம் என்று கிளம்பினார்கள். அவர்களையும் கூப்பிட்டுச் சொன்னேன். "இருக்குற காப்பீட்டை விட்டுட்டு ஏன்பா உங்க கையைக் கடிச்சுக்குறீங்க? கொஞ்சம் பொறுங்க." பத்துக் காசே சொல்கிறார் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று கலைந்து போனார்கள்.

இதை ஏன் செய்தாய் என்றுதான் நேற்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். காரணம் எளிது. கைப்பணம் செலவழித்து அறுவைச் சிகிச்சை நடந்தால், பிழைத்து வந்ததும் ரசீதுகளை எல்லாம் கட்டி, பணத்தைத் திரும்பத் தா என்று காப்பீட்டு அலுவலகத்துக்குத்தான் போவார்கள். அங்கே அவர் பெயர் இல்லை என்று தெரியும். சிகிச்சை எந்த வழியில் நடந்தாலும் கேள்வி வரும். நடக்காவிட்டால் வராது. நான் செய்தது அவ்வளவுதான்.

மார்ச் மாதம் அவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன். பொது வார்டில், ஜன்னல் ஓரக் கட்டிலில், மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. தோள் எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"நீங்க ஏன் சார் இவ்வளவு தூரம் அலையுறீங்க? உங்களுக்கு எத்தனை பேர் வேலை இருக்கு" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "சாருக்கு நாற்காலி போடு. நமக்காக எத்தனை தடவை அந்த ஆபீசுக்கு நடந்திருப்பாரு" என்றார்.

பழப் பையை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். வருத்தமாக இருந்தது. வருத்தம் இல்லை என்று நான் எங்கும் சொல்லவில்லையே. வருத்தம் வேறு, தப்பு வேறு. டாக்டரை வாசலில் பார்த்து, "எவ்வளவு நாள் தாங்குவாரு?" என்று கேட்டேன். "ஆபரேஷன் இல்லைன்னா ஏப்ரல் கடைசியைத் தாண்டுறது கஷ்டம்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் அடுத்த காலாண்டுக்கு பட்ஜெட் போட வேண்டிய நாள். உங்கள் தணிக்கையாளர் அதைத்தான் கண்டுபிடித்து, சிவப்பு மையில் வட்டம் போட்டு, என்னவோ வெடிகுண்டைக் கண்டுபிடித்தவர் மாதிரி உங்கள் முன்னால் வைத்தார். 'ஊழியர் நலம்' தலைப்பின் கீழ், 'இறுதிச் சடங்கு உதவி, ஒருவர், ஏப்ரல்.' தேதியைப் பாருங்கள், மனிதர் சாவதற்கு ஐந்து வாரம் முன்னால் எழுதியிருக்கிறான் என்றார்.

ஆமாம், எழுதினேன். வரப்போகும் செலவு தெரிந்தும் பட்ஜெட்டில் வைக்காமல் இருப்பதுதான் குற்றம். கணக்கு படிக்க வருபவர்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுப்பது அது. அந்த உதவித்தொகை வழக்கமாகத் தருவதைவிட ஒன்றரை மடங்கு. முதலாளியிடம் வாதாடி வாங்கினேன். அதையும் உங்கள் தணிக்கையாளர் வட்டம் போட்டிருக்கலாம். போடவில்லை.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி முற்பகல் அவர் இறந்தார். தொழிற்சாலை அரை நாள் மூடப்பட்டது. நானும் போய் நின்றேன். மூன்றாவது வாரத்தில் அவருடைய இறுதிக் கணக்கை முடித்தேன். ஒன்பது ஆண்டாக எடுக்காத விடுப்பெல்லாம் சேர்ந்து கிடந்ததால் ஜனவரியிலிருந்தே சம்பளம் நிற்கவில்லை. ஏப்ரலுக்குப் பதினெட்டு நாள் சம்பளம். அதிலிருந்து பதினெட்டு நாளுக்கான பிடித்தங்கள். அவருடைய மனைவி மாடிக்கு வந்தார். காசோலையை வாங்கிக்கொண்டார். சீட்டைப் படித்தார். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.

"இது என்ன பிடித்தம் அண்ணே?"

"மருத்துவக் காப்பீடும்மா. எல்லாருக்கும் உள்ளதுதான்."

அவர் சீட்டை மடித்தார். "பதினெட்டு நாளுக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்மா. விதி அப்படி."

அவர் சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. புருஷனின் ஒன்பது ஆண்டுச் சம்பளச் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய், இவ்வளவு பிடித்தீர்களே, படிவத்தை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். அப்படி ஒரு படிவமே வரவில்லை என்றார்கள். அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்கள். சீட்டுகளை மேசைமேல் அடுக்கி, எந்த மாதத்திலிருந்து இல்லை என்று அவர்களையே எண்ண வைத்திருக்கிறார். முப்பத்தொரு மாதம். அந்த அம்மாவின் எண்ணிக்கை தப்பாது என்றேனே.

பதினெட்டு நாள் பிடித்தத்தை விட்டிருக்கலாமே, விட்டிருந்தால் மாட்டியிருக்க மாட்டாயே என்று உங்கள் உதவியாளர் கேட்டார். அவருக்குச் சம்பளப் பட்டியல் தெரியாது. பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல் விட்டால் அந்த மாதக் கூட்டல் இடிக்கும்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். பதினான்கு பேரின் காப்பீட்டை நிறுத்தியது நான். வேறு யாருக்கும் பங்கில்லை. படிவத்தை இழுப்பறையில் வைத்தது நான். முன்பணத்தைத் தடுத்தது நான். வசூலைக் கலைத்தது நான். அவர் சாவார் என்று தெரிந்தே, எந்த மாதத்தில் என்றும் தெரிந்தே, அதற்குப் பணம் ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தது நான். கொலை என்று எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள். சொல் உங்களுடையது, கையெழுத்து என்னுடையது. போடுகிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்டதாக ஒரு வரி சேர்த்தீர்களானால் அந்தப் பக்கத்தில் போட மாட்டேன். எண்பத்தாறு பேருக்காகச் செய்தேன். எனக்காக எதுவும் செய்துகொள்ளவில்லை.

என்ன காகிதம் இது? உங்கள் உதவியாளர் போட்டதா? விடுப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, நான் தேர்ந்தெடுத்த அதே முறையில் அவரும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். கெட்டிக்காரர். கூட்டலும் சுத்தமாக இருக்கிறது. ஆமாம், மருத்துவ விடுப்பே எடுக்காதவர்களில் என் பெயர்தான் முதலில் வருகிறது. உருளைக்காரருக்கும் மேலே. ஆமாம், என் பெயர் எழுபத்திரண்டு பேர் பட்டியலில்தான் இருந்தது. முப்பத்தொரு மாதமும் என் தொகை ஐந்தாம் தேதிக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. சில மாதம் மூன்றாம் தேதியே.

அதில் கேட்க என்ன இருக்கிறது? மனுஷ உடம்பு. எப்போது என்ன வரும் என்று யாரால் சொல்ல முடியும்?